நிலத்தடியில் மூட்டும் தீ

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும், சாலையோரத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை எழுந்து நிற்கக் காண்கிறோம். ஆர்க்காட்டு நவாபுக்கு உட்பட்ட ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் இதனைக் கட்டுவித்தார் என்பர். 1751-இல் இதற்கு அருகே வாலிகண்டபுரத்தில் ஒருபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபுறம் முகமது அலியும் ஆங்கிலேயரும் பொருதினர். அகழி, மதில், அதற்கு உள்ளே மற்றொரு மதில், உச்சியில் காவல் மேடை என்று அடுக்கடுக்காக அமைந்த இக்கோட்டையின் ஒவ்வொரு கல்லிலும் ஒரே எண்ணம் உறைந்திருக்கிறது. தீங்கு வருமாயின் கண்ணுக்கு எட்டும் தொலைவிலிருந்தே வரும். உயரத்தில் நிற்பவன் அதை முன்னதாகவே கண்டுகொள்வான் என்பதே அது.

நமது அறவுணர்வும் பெரும்பாலும் இக்கோட்டையைப் போன்றே கட்டப்பட்டிருக்கிறது எனலாம். கண்ணெதிரே விழுந்தவனைத் தூக்குகிறோம். கண்ணெதிரே நிகழும் அநீதிக்குக் கொதிக்கிறோம். கண் செல்லாத இடத்தில் நம்பொருட்டு நிகழ்வதற்கு நாம் எவ்வளவு பொறுப்பாளிகள்? இந்த வினாவை நேருக்கு நேர் கேட்க வைக்கும் ஒரு தொழில்நுட்பம் இன்று நம் நாட்டில் சோதிக்கப்பட்டு வருகிறது. நிலக்கரியை வெட்டி எடுக்காமல், கிடந்த இடத்திலேயே தீமூட்டி, மண்ணுக்குள்ளேயே அதனை வாயுவாக மாற்றி, அந்த வாயுவை மட்டும் குழாய் வழியே மேலே கொணரும் முறையே அது. 2024 ஜூன் மாதத்தில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜாம்தாரா மாவட்டத்தில், காஸ்தா என்னும் நிலக்கரிப் பகுதியில், கோல் இந்தியாவின் கிளையான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் இதற்கான முன்னோட்டப் பணியைத் தொடங்கிற்று.

ஜார்க்கண்ட் எங்கே, பெரம்பலூர் எங்கே என்று வாசகர் கேட்கலாம். ரஞ்சன்குடிப் பாறைக்கு அடியில் நிலக்கரி இல்லை என்பது உண்மையே. அது பழம்பாறை. ஆனால் அங்கிருந்து கிழக்கு நோக்கி நடப்போமாயின், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் வயல்களின் அடியில் நிலத்தின் இயல்பே மாறிவிடுகிறது. ஒருகாலத்தில் கடல் வந்து தங்கிச் சென்ற நிலம் அது. சாத்தனூரில் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று கணிக்கப்படும் மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். இன்னும் கிழக்கே அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரும் பள்ளங்கள். அதற்கும் அப்பால், முந்திரித் தோப்புகள் நிறைந்த ஜெயங்கொண்டம் பகுதியில், நெய்வேலியின் உறவு எனத்தக்க பழுப்பு நிலக்கரி. ஒரே நிலப்பரப்பில் ஒரு மரம் கல்லாயிற்று. வேறு மரங்கள் கரியாயின. கல்லானதைக் கம்பிவேலி இட்டுக் காக்கிறோம். கரியானதை என்ன செய்வது என்பதில்தான் கால் நூற்றாண்டுக்கு மேலாக வழக்கும் வேதனையும்.

முதலில் இம்முறை எவ்வாறு செயற்படுகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். அறியாமல் அறம் பேசுவது எளிது, பயன் சிறிது. நிலக்கரிப் படலத்தை எட்டும்படி இரண்டு ஆழ்துளைக் கிணறுகளை இறக்குகிறார்கள். படலத்தின் ஊடாக ஒன்றையொன்று இணைக்கிறார்கள். ஒன்றின் வழியே காற்றையோ, நீராவி கலந்த ஆக்சிஜனையோ செலுத்தி, அடியில் கரியைப் பற்றவைக்கிறார்கள். முழுமையாக எரிவதற்குப் போதிய ஆக்சிஜன் கொடுப்பதில்லை. இதுதான் இதன் சூட்சுமம். அரைகுறையாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், சிறிது மீத்தேன் ஆகியவற்றையும் கூடவே கரியமில வாயுவையும் தருகிறது. இக்கலவை இரண்டாம் கிணற்றின் வழியே மேலே வருகிறது. அதனைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம். உரமும் வேதிப்பொருள்களும் செய்யலாம். சாம்பல் அடியிலேயே தங்கிவிடுகிறது. கரி இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகி, தீ முன்னேற முன்னேற அதுவும் வளர்கிறது.

இதில் ஒரு நுட்பமான கட்டுப்பாடு உண்டு. தீ எரியும் குழியினுள் இருக்கும் அழுத்தம், அதனைச் சூழ்ந்த நிலத்தடி நீரின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அவ்வாறு இருந்தால் நீர் குழியை நோக்கிக் கசியும், நச்சு வெளியேறாது. மிகுதியான வாயுவைப் பெறும் ஆசையிலோ கவனக்குறைவினாலோ அழுத்தத்தைக் கூட்டினால், பாறை வெடிப்புகளின் வழியே பென்சீனும் பீனாலும் தாரும் நீரோட்டத்துக்குள் புகுந்துவிடும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பயிர் அசையும், மாடு மேயும், அளவுமானியின் முள் மட்டும் சற்று நகரும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1888-இலேயே ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், நிலக்கரியை வெட்டாமல் மண்ணுக்குள்ளேயே வாயுவாக்கிக் குழாய்களில் அனுப்பும் காலம் வரும் என்று எழுதினார். 1912-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் சர் வில்லியம் ராம்சே இதனைச் செய்துகாட்ட முற்பட்டார். நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். நகரங்களை மூடிக்கிடந்த கரிப்புகையை ஒழிக்க வேண்டும் என்பது அவரது வேட்கை. டர்ஹாம் பகுதியில் சோதனைக்கு ஏற்பாடுகள் நடந்தன. அதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. 1916-இல் அவர் மறைந்தார். இடையில் 1913-இல் இச்செய்தியைப் படித்த லெனின் அது குறித்து ஒரு கட்டுரையே எழுதினார். இப்பக்கங்களில் லெனினைக் காண்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் அவர் எழுப்பிய வினா நேர்மையானது. சுரங்கத்தில் மடியும் இலட்சக்கணக்கான தொழிலாளரின் உழைப்பு தேவையற்றுப் போகும்போது, அந்த ஆதாயம் யாருக்குச் சேரும்? முதலாளித்துவத்தில் அவர்கள் வேலையிழந்து தெருவில் நிற்பர், பொதுவுடைமையிலோ அனைவரின் வேலை நேரமும் குறையும் என்பது அவரது விடை. அவரது விடையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கருவியைக் கண்டவுடன், இதனால் யார் பிழைப்பார், யார் கெடுவார் என்று கேட்ட அந்தப் பழக்கம் இன்றைய திட்ட அறிக்கைகளில் அரிதாகிவிட்டது.

சோவியத் ஒன்றியம் 1930-களில் இதனைச் சோதித்துப் பார்த்தது. உஸ்பெகிஸ்தானின் அங்ரென் என்னும் ஊரில் 1961-இல் தொடங்கிய நிலையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கியது. ஆகவே இது நடவாத கனவு என்று ஒதுக்கிவிட முடியாது. சைபீரியாவில் இயற்கை வாயு ஏராளமாகக் கிடைத்தபின் மற்ற இடங்களில் இதன் மீதான ஆர்வம் தணிந்தது.

இம்முறையை ஆதரிப்போரின் மிக வலிமையான வாதம் பொருளியல் அன்று, அறமே. 1975 டிசம்பர் 27-ஆம் நாள், தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் பாய்ந்து 370-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் கழித்து நேர்ந்த அந்தப் பேரிழப்பை முதியோர் சிலர் இன்றும் நினைவுகூரக் கூடும். சுரங்கத்துக்குள் மனிதனே இறங்க வேண்டாம் என்று ஒரு முறை சொல்லுமானால், அதனை எடுத்தெறிந்து பேச நமக்கு உரிமை இல்லை. மின்விளக்கின் கீழ் அமர்ந்து படிப்பவர், அந்த விளக்குக்காகக் கீழே இறங்கியவனை மறந்துவிட்டு இயற்கையைப் பற்றி மட்டும் உருகுவது முறையன்று. திறந்தவெளிச் சுரங்கத்திலோ மனிதன் பிழைக்கிறான், ஊர் பிழைப்பதில்லை. வீடும் கோயிலும் கல்லறைத் தோட்டமும் பெயர்க்கப்படுகின்றன. நிலத்தடி நெருப்பு ஊரையும் விட்டுவைக்கிறது என்கிறார்கள். உழைப்பாளியின் உடலும் தப்பிற்று, உழவனின் நிலமும் தப்பிற்று என்றால், பிறகு குறை என்ன?

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. சுரங்கத் தொழிலாளி கரியை மட்டும் வெட்டவில்லை. அவன் ஒரு சாட்சியாகவும் இருந்தான். கூரை சரிவதை அவன் காதுகள் கேட்டன. நீர் கசிவதை அவன் கைகள் உணர்ந்தன. அவன் இருமிய இருமல் கரியின் விலையை ஊருக்குச் சொன்னது. அவன் மாண்டபோது நாடே அறிந்தது, விசாரணை நடந்தது, சட்டம் திருந்திற்று. அவனை அபாயத்திலிருந்து விடுவிப்பது நன்று, மிக நன்று. ஆனால் அவனோடு சேர்த்து அந்தச் சாட்சியையும் வெளியேற்றிவிடுகிறோம். அபாயம் மறைந்துவிடவில்லை; குரல் கொடுக்க வல்ல மனிதனிடமிருந்து குரலற்ற நீருக்கு மாற்றப்படுகிறது. இன்றைக்கு உள்ளவனிடமிருந்து இருபது ஆண்டு கழித்துக் கிணறு வெட்டப் போகிறவனுக்கு மாற்றப்படுகிறது.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சான்று. அங்கே சின்சில்லா என்னும் வேளாண் பகுதியில் லிங்க் எனர்ஜி என்னும் நிறுவனம் 1999 முதல் 2013 வரை இத்தகைய சோதனைகளை நடத்தியது. அழுத்தம் அளவு மீறியதால் பாறை பிளந்து வாயு பரவியதாக வழக்குத் தொடரப்பட்டது. 2015-இல் அரசு, சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரண்டு மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்ட வேண்டாம் என்று நிலவுடைமையாளர்களைத் தடுத்தது. தம் சொந்த நிலத்தில் ஒரு தூண் நடவும் அஞ்ச வேண்டிய நிலை! 2016-இல் அம்மாநிலம் இம்முறையையே தடை செய்தது. 2018-இல் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளி எனக் கண்டு 45 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆனால் நிறுவனம் 2016-இலேயே நொடித்துக் கலைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. தண்டனை இருந்தது, தண்டிக்கப்பட வேண்டியவன் இல்லை. ஸ்காட்லாந்தும் 2016-இல் இம்முறைக்கு இடமில்லை என்று அறிவித்தது.

அறநெறி இறையியல் பயின்றோர் அறியாமையை ஒரே வகையாகக் கொள்வதில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு முயன்றும் அறிந்துகொள்ள முடியாதது ஒரு வகை, அது குற்றமாகாது. அறிந்திருக்க வேண்டியதைச் சோம்பலால் அறியாமல் விடுவது மற்றொரு வகை. அதற்கு நாம் பொறுப்பாளிகள். மூன்றாவது ஒன்று உண்டு. அறிந்தால் செயலை நிறுத்த வேண்டிவரும் என்று அஞ்சி, அறிய விரும்பாமலேயே இருப்பது. அது குற்றத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும். செய்பவனின் மனம் அச்செயலை எவ்வளவு விரும்புகிறது என்பதற்கு அதுவே அடையாளமாகிவிடுகிறது.

நிலத்தடித் தீயின் தனித்தன்மை என்னவென்றால், இந்த மூன்று வகைகளும் அதில் ஒன்றுபோலவே தோற்றமளிக்கின்றன. நூறு மீட்டருக்கும் கீழே எரிவதை எவராலும் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆகவே, எங்களுக்குத் தெரியாது என்று எவர் சொன்னாலும் அது முதல் வகை போலவே ஒலிக்கிறது. ஆனால் பார்க்க முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார்? சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டுமா, எத்தனை வேண்டும், அவற்றின் நீரை எவர் சோதிப்பது, முடிவை எவருக்குச் சொல்வது என்று தீர்மானித்தவர் யார்? இருளைத் தாமே ஏற்படுத்திக்கொண்டு, இருட்டாக இருந்தது என்று சாற்றுவது அறியாமை ஆகாது. கிணறு ஒன்றைக் குறைத்தால் செலவு குறைகிறது; கூடவே அறிவும் குறைகிறது; குற்றச்சாட்டும் குறைகிறது. இக்கணக்கைப் போட்டவர் அறியாதவர் அல்லர்.

நம் அரியலூர் மாவட்டத்தின் அனுபவம் இவ்விடத்தில் பொருந்தி வருகிறது. 1990-களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக டிட்கோ வழியே பல சிற்றூர்களின் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. திட்டம் வரவில்லை. நிலமும் முழுமையாகத் தம்முடையதாக இல்லாமல், இழப்பீடும் நிறைவாகக் கைக்கு வராமல், ஒரு தலைமுறை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது, மகளின் திருமணத்துக்கு அந்நிலத்தை நம்பவும் முடியாது. இறுதியில் 2022-இல் தமிழக அரசு அத்திட்டத்தைக் கைவிட்டு, நிலங்களை உரியோரிடமே ஒப்படைக்க முடிவு செய்தது. அடுத்த ஆண்டிலேயே, 2023 மார்ச் இறுதியில், மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. அதிதூதரின் பெயரைத் தாங்கிய ஊர்ப்பெயர் சுரங்கப் பட்டியலில் வந்ததைச் செய்தித்தாளில் கண்டு நம்மவருள் பலர் துணுக்குற்றிருப்பர். தமிழகம் எதிர்த்தது; ஏப்ரல் 8-ஆம் நாள், தமிழகப் பகுதிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று நிலக்கரி அமைச்சர் அறிவித்தார்.

அந்த மக்கள் கால் நூற்றாண்டு போராட முடிந்தது ஏன்? எதை இழக்கிறோம் என்பதை அவர்கள் கண்ணால் கண்டனர். எல்லைக்கல் நடப்பட்டது, சர்வே எண் அரசிதழில் வந்தது, முந்திரி மரங்கள் எண்ணப்பட்டன. கொடுமையே ஆயினும் அது வெளிப்படையான கொடுமை. அதற்கு ஒரு முகவரி இருந்தது. மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அலுவலகம் இருந்தது. அதே கரியை, ஒரு மரத்தையும் வெட்டாமல், ஓர் ஓட்டையும் பெயர்க்காமல், அடியிலேயே எரித்துக்கொள்கிறோம் என்று யாரேனும் வந்திருந்தால்? இசைவு எளிதாகக் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறோம். நிலத்துக்கு மேலே உள்ளதெல்லாம் இருந்தபடியே இருக்கும் என்றால், எந்த உழவன் மறுப்பான்? ஆனால் எதற்கு இசைகிறோம் என்று காணாமல் கொடுக்கும் இசைவு எவ்வகை இசைவு? நிலத்துக்கு அடியில் உள்ள கனிமம் யாருக்கு உரியது என்பதே தீராத வினா. கேரளத்து நிலவுடைமையாளர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி பறிக்கப்பட்டாலன்றி அடிநிலத்தின் உரிமை நிலத்துக்கு உரியவனையே சாரும் என்று கூறிற்று. நிலக்கரிக்கோ தனிச்சட்டங்கள் இருக்கின்றன. கரி யாருடையது ஆயினும் ஆகுக. அதனைத் தொட்டுக்கொண்டு ஓடும் நீர், வேலியும் பட்டாவும் அறியாதது. ஒருவன் வயலின் அடியில் கெட்டது அடுத்தவன் வீட்டுக் குடத்தில் வந்து சேரும்.

நீரைப் பற்றி நெய்வேலி நமக்கு ஏற்கெனவே கற்பித்திருக்கிறது. அங்கே கரிப் படலத்தின் அடியில் அழுத்தத்தோடு தேங்கி நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். கரியையும் நீரையும் தனித்தனியே எண்ண முடியாத நிலவமைப்பு இது. ஜெயங்கொண்டத்துக் கரியும் அதே படிவுத் தொடரைச் சேர்ந்தது. இத்தகைய நிலத்தில் அழுத்தக் கணக்கு பிசகாமல் தீ வளர்ப்பது, வழுக்குப் பாறையில் நிறைகுடம் சுமந்து நடப்பது போன்றது. முடியாது என்று சொல்லவில்லை. நடப்பவன் கையில் இருப்பது பிறருடைய குடம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

மனிதன் மூட்டாத நிலத்தடித் தீயும் நம் நாட்டில் உண்டு, அல்லது மூட்டியவர் யாரென்று தெரியாத தீ. ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் கரிப் படலங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. நூறாண்டு கடந்தும் முழுமையாக அணைக்க இயலவில்லை. வீடுகளின் தரை பிளந்து புகை வருகிறது. திட்டமிட்டு மூட்டும் தீயை இதனோடு ஒப்பிடலாகாது என்று பொறியாளர்கள் மறுப்பர். காற்றை நிறுத்தினால் அது அணைந்துவிடும் என்பர். அம்மறுப்பு பெருமளவு நியாயமானதே. ஆயினும் மண்ணுக்குள் இருக்கும் கரி நம் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஏவலாள் அன்று என்பதற்கு ஜாரியாவைவிட வேறு சான்று வேண்டுமோ?

அப்படியானால் காஸ்தாவில் தொடங்கியதை நிறுத்த வேண்டும் என்பதா நம் கருத்து? இல்லை. சோதனை என்பது அறிந்துகொள்ளும் முயற்சி. அறிய முற்படுவதைக் குறை கூறிவிட்டு அறியாமையைக் கண்டிக்க முடியாது. முதற்கட்டத்தில் துளையிட்டுப் பாறையைச் சோதித்து இயலுமா என்று பார்ப்பதும், அதன்பின் சிறு அளவில் வாயுவாக்கிப் பார்ப்பதும் முறையான படிகளே. நாம் வேண்டுவது வேறு. தீயை மூட்டுகிறவனே அதற்குச் சாட்சியாகவும் இருக்கலாகாது. மூட்டுவதற்கு முன்னரே சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்பது பதிவாக வேண்டும். முன்னர் அளந்து வைக்காதவனுக்குப் பின்னர் கெட்டதா இல்லையா என்று சொல்லும் தகுதி இல்லை. அந்த அளவீடு நிறுவனத்தின் சம்பளம் பெறாதவர் கையில் இருக்க வேண்டும். ஊராட்சி மன்றத்தின் சுவரில், ஊரார் படிக்கும் தமிழிலோ சந்தாலியிலோ, மாதந்தோறும் ஒட்டப்பட வேண்டும். சின்சில்லாவில் நேர்ந்தது போல் நிறுவனம் கலைந்துவிட்டால் துப்புரவுக்கு யார் செலவழிப்பது என்பதற்கான தொகை, தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்னரே பொதுக் கருவூலத்தில் வைக்கப்பட வேண்டும்.

இத்தனையும் செய்தால் செலவு கூடி, இம்முறை ஆதாயமற்றதாகிவிடும் என்பர் சிலர். இருக்கலாம். அப்போது ஒன்று தெளிவாகும். இதுவரை கணக்கில் காட்டப்பட்ட ஆதாயம், பார்க்காமல் இருந்ததன் ஆதாயமே தவிர, கரியின் ஆதாயம் அன்று. மேலும் மண்ணுக்குள் எரித்தாலும் கரியமில வாயு எங்கும் போய்விடுவதில்லை. அதனையும் யாரோ ஒருவர் தம் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். 2030-க்குள் 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது நாட்டின் இலக்கு. அதன் பெரும்பகுதி மண்ணுக்கு மேலே, ஆலைகளில் நடைபெறுவதற்கான திட்டம். ஆலைக்கு வாயில் உண்டு, புகைபோக்கி உண்டு, அதன் எதிரே ஊரார் கூடி நிற்கவும் முடியும்.

மைக்கேல்பட்டியில் இன்று தீ இல்லை. முந்திரி பூக்கிறது, ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கின்றன. அடியில் கரி இருப்பது அனைவருக்கும் தெரியும். பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்கியது போல் மீண்டும் சேரவும் கூடும். அப்போது வருகிறவர்கள் எல்லைக்கல்லோடு வராமல் இரண்டு துளைகளோடு மட்டும் வரலாம். அவர்களிடம் கேட்பதற்கு இப்போதே ஒரு வேலை செய்துவைக்கலாம். பங்குப் பேரவையோ, இளைஞர் இயக்கமோ, பள்ளி ஆசிரியர்களோ, ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் நீரையும் ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாக, சோதித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். நீரின் மட்டம், சுவை, உப்பின் அளவு, கிணற்றுக்குரியவர் பெயர், தேதி. குறிப்பேட்டை ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம்.